ஏற்றப்பட்ட வட்டுகளால் லினக்ஸில் ஏற்படும் செயலிச் சுமை

ஏற்றப்பட்ட வட்டுகளால் ஏற்படும் செயலிச் சுமை என்பது, லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வன்தட்டோ, வட்டுப்பகுதியோ, பென் டிரைவோ, பிணைய வட்டோ ஏற்றப்பட்டிருக்கும்போது, அதைப் படிக்கவும் எழுதவும் கணினியின் செயலி (மையச் செயலகம்) வழக்கத்தைவிட மிகுதியாக உழைக்க நேரும் நிலையைக் குறிக்கும். கணினி மந்தமாதல், விசிறி ஓயாது சுழலுதல், மடிக்கணினி சூடாதல், மின்கலம் விரைவில் தீர்தல் ஆகியவை இதன் அறிகுறிகள் ஆகும்.

விண்டோசும் லினக்சும் ஒரே கணினியில் நிறுவப்பட்டிருக்கும் இடங்களில் இச்சிக்கல் பரவலாகக் காணப்படுகிறது. அத்தகைய கணினியில் செயல்முறைகளின் பட்டியலைப் பார்த்தால், "மவுண்ட்.என்டிஎஃப்எஸ்" என்னும் பெயர் பட்டியலின் உச்சியில் நிற்கும். அதனால் அதுவே குற்றவாளி எனப் பயனர்கள் கருதுவது இயல்பு. ஆனால் பெரும்பாலான நேரங்களில் அச்செயல்முறை வேறொரு நிரல் கேட்ட வேலையைச் செய்து தரும் இடையாள் மட்டுமே. கேட்கும் நிரல் எது எனக் கண்டறிவதே இச்சிக்கலைத் தீர்ப்பதில் முதன்மையான படியாகும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாட்டில் லினக்ஸ் பரவலாக அறிமுகமானதில் அரசு நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் சூசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ஆம் ஆண்டில் வெளியானது. இது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க ஒரு லினக்ஸ் வழங்கல் ஆகும்.

2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கணினிகளைக் கொள்முதல் செய்யும் பணி எல்காட் நிறுவனத்திடம் இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டம் போன்ற ஊரகப் பகுதிகளில், பல குடும்பங்களுக்கு வீட்டிற்குள் வந்த முதல் கணினி இதுவே. 2018இல் அறிமுகமான 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் விண்டோசுடன் உபுண்டு லினக்ஸையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

இத்தகைய கணினியில் பாடக் குறிப்புகள், ஒளிப்படங்கள், திரைப்படங்கள் அனைத்தும் விண்டோசின் என்டிஎஃப்எஸ் வட்டுப்பகுதியில் இருக்கும். லினக்ஸில் நுழைந்த மாணவர் அவற்றைத் திறக்கும்போது அப்பகுதி லினக்ஸில் ஏற்றப்படுகிறது. செயலிச் சுமையும் அப்போதே தலைகாட்டுகிறது. காரணம் தெரியாதபோது "லினக்ஸ் மெதுவானது" என்றோ, "கணினி பழுதாகிவிட்டது" என்றோ முடிவு செய்து, வன்தட்டை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவுவது வழக்கமாக உள்ளது. அவ்வாறு அழிக்கப்படும்போது படியெடுத்து வைக்கப்படாத கோப்புகளும் சேர்ந்தே அழிகின்றன. சில நிமிட ஆய்வில் தீரக்கூடிய சிக்கலுக்கு இது மிகப் பெரிய விலையாகும்.

வட்டை ஏற்றுதல்

விண்டோசில் ஒவ்வொரு வட்டுப்பகுதிக்கும் "சி", "டி" போன்ற தனித்தனி எழுத்துகள் தரப்படுகின்றன. லினக்ஸில் அவ்வாறு இல்லை. அனைத்து வட்டுகளும் ஒரே அடைவு மரத்தின் கிளைகளாக இணைக்கப்படுகின்றன. ஒரு வட்டில் உள்ள கோப்பு முறைமையை மரத்தின் ஓர் அடைவோடு இணைக்கும் செயலே ஏற்றுதல் எனப்படும். இணைக்கப்படும் அடைவு ஏற்றுமிடம் எனப்படும். பென் டிரைவுகளும் பிற வட்டுப்பகுதிகளும் பொதுவாக "மீடியா" என்னும் அடைவின் கீழ் ஏற்றப்படுகின்றன.

ஏற்றப்பட்டுள்ள வட்டு, யாரும் அதைத் தொடாதவரை செயலிக்கு ஏறத்தாழ எந்தச் சுமையும் தருவதில்லை. ஏதேனும் ஒரு நிரல் அதிலுள்ள கோப்பைத் திறக்கும்போதும், படிக்கும்போதும், எழுதும்போதும், அடைவைப் பட்டியலிடும்போதும்தான் வேலை தொடங்குகிறது. எனவே தொடர்ச்சியான சுமை இருக்குமாயின், ஏதோ ஒரு நிரல் தொடர்ச்சியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது பொருள். வட்டின் பழுதும் கோப்பு முறைமையின் சிதைவும் இதற்கு அரிதான விலக்குகள்.

பயனர்வெளிக் கோப்பு முறைமை

லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 போன்றவற்றைக் கையாளும் நிரல், லினக்ஸ் கருனியின் உள்ளேயே இருக்கிறது. அதன் உழைப்பு தனிச் செயல்முறையாகப் பட்டியலில் தோன்றுவதில்லை. கேட்ட நிரலின் கணக்கிலோ, கருனியின் கணக்கிலோ அது சேர்ந்துவிடும்.

என்டிஎஃப்எஸ் முறைமையின் நிலை வேறு. இது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993இல் விண்டோஸ் என்டி 3.1 பதிப்புடன் வெளியிட்ட கோப்பு முறைமை ஆகும். லினக்ஸ் கருனியில் நெடுங்காலம் இருந்த பழைய என்டிஎஃப்எஸ் இயக்கியால் அதை நம்பகமாகப் படிக்க முடிந்ததே அன்றி, முழுமையாக எழுத முடியவில்லை. 2005இல் வெளியான லினக்ஸ் 2.6.14 கருனியில் ஃபியூஸ் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. இதன் வழியாக, கருனிக்கு வெளியே பயனர்வெளியில் இயங்கும் சாதாரண நிரல் ஒன்றே ஒரு கோப்பு முறைமையைக் கையாள முடியும். இவ்வசதியைப் பயன்படுத்தி உருவான என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் கட்டற்ற மென்பொருளின் முதல் நிலையான பதிப்பு 2007இல் வெளியானது. அதன் பின்னரே லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டுப்பகுதியில் தயக்கமின்றி எழுதுவது பரவலாயிற்று.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஒரு நிரல் என்டிஎஃப்எஸ் பகுதியிலுள்ள கோப்பைப் படிக்கும்போது நிகழ்வன பின்வருமாறு:

1. நிரல் கருனியிடம் கோப்பைக் கேட்கிறது.
2. கருனி அவ்வேண்டுகோளை ஃபியூஸ் வழியாக என்டிஎஃப்எஸ்-3ஜி நிரலுக்கு அனுப்புகிறது.
3. அந்நிரல் கோப்பு வட்டில் எங்குள்ளது எனக் கணக்கிட்டு, வட்டைப் படிக்குமாறு மீண்டும் கருனியையே கேட்கிறது.
4. கிடைத்த தரவைக் கருனியிடம் ஒப்படைக்கிறது.
5. கருனி அதை முதலில் கேட்ட நிரலிடம் சேர்க்கிறது.

ஒவ்வொரு படியிலும் செயலி ஒரு வேலையை விட்டு மற்றொன்றிற்கு மாறுகிறது; தரவும் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கப்படுகிறது. ஒருமுறை படித்த தரவைக் கருனி நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், அதே கோப்பை உடனே மீண்டும் படிக்கும்போது இச்சுமை குறையும்.

மவுண்ட்.என்டிஎஃப்எஸ் என்னும் பெயரும் குழப்பம் தருவதாகும். வட்டை ஏற்றும் கட்டளை இப்பெயரில் என்டிஎஃப்எஸ்-3ஜி நிரலை அழைக்கிறது. ஏற்றும் வேலை ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆயினும் அதே நிரல் அதே பெயரில் பின்னணியில் தங்கி, வட்டு இறக்கப்படும்வரை கோப்பு வேண்டுகோள்களை நிறைவேற்றிக்கொண்டிருக்கும். எனவே பட்டியலில் இப்பெயரைக் காண்பது, ஏற்றுதல் முடியாமல் சிக்கிக்கொண்டதைக் குறிக்காது.

சுமையை அளத்தல்

சுமையை அளக்க "டாப்" என்னும் கட்டளை பயன்படுகிறது. முனையத்தில் இதைத் தட்டச்சு செய்தால், மிகுதியாக உழைக்கும் செயல்முறைகள் வரிசையாகத் தெரியும். இதைப் படிக்கும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, விழுக்காட்டின் பொருள். டாப் கட்டளையின் வழக்கமான கணக்கில் 100 விழுக்காடு என்பது ஒரு கோரின் முழு உழைப்பாகும். இரண்டு கோர்கள் கொண்ட கணினியின் மொத்தத் திறன் 200 விழுக்காடு. என்டிஎஃப்எஸ்-3ஜி வேண்டுகோள்களை ஒன்றன்பின் ஒன்றாகவே கையாள்வதால், ஒரு வட்டுக்கான அதன் செயல்முறை ஒரு கோருக்கு மேல் பயன்படுத்துவதில்லை. ஆகவே இரண்டு கோர் கணினியில் அது 100 விழுக்காட்டைத் தொட்டாலும் மற்றொரு கோர் எஞ்சியிருக்கும்.

இரண்டாவது, உழைப்புக்கும் காத்திருப்புக்கும் உள்ள வேறுபாடு. டாப் காட்டும் மேல்வரியில் பயனர்வெளி உழைப்பு, கருனி உழைப்பு, வட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் ஆகியவை தனித்தனியே தரப்படுகின்றன. காத்திருப்பு மட்டும் மிகுந்திருந்தால் செயலி சும்மா இருக்கிறது. வட்டுதான் மெதுவாக இயங்குகிறது. அந்நிலையில் செயலிச் சுமைக்கான தீர்வுகள் பயன் தரா.

மூன்றாவது, சுமைச் சராசரி. 1, 5, 15 நிமிடங்களுக்கான மூன்று எண்களாக இது தரப்படுகிறது. லினக்ஸில் இவ்வெண் இயங்கும் செயல்முறைகளோடு, வட்டின் விடைக்காக இடைநிறுத்த முடியாத உறக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது. எனவே சுமைச் சராசரி 5 எனக் காட்டும் கணினியில் செயலி ஏறத்தாழ ஓய்வாகவே இருக்கவும் கூடும்.

கேட்கும் நிரலைக் கண்டறிதல்

மவுண்ட்.என்டிஎஃப்எஸ் உழைப்பது உறுதியான பின், யாருக்காக உழைக்கிறது என்பதைக் காண வேண்டும். இதற்குப் பின்வரும் கருவிகள் உதவுகின்றன.

ஃபைண்ட்மவுண்ட்: எந்த வட்டு எங்கே, எந்த முறைமையில் ஏற்றப்பட்டுள்ளது என்பதைக் காட்டும். என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக ஏற்றப்பட்ட வட்டின் வகை "ஃபியூஸ்பிளாக்" எனத் தோன்றும்.

ஃபியூசர்: ஏற்றுமிடத்தைக் குறிப்பிட்டால், அதைப் பயன்படுத்தும் செயல்முறைகள் அனைத்தையும் பட்டியலிடும்.

எல்எஸ்ஓஎஃப்: திறந்துள்ள கோப்புகளையும் அவற்றைத் திறந்த நிரல்களையும் காட்டும். இது ஒரு கணப்பொழுதின் நிலையை மட்டுமே காட்டுவதால், ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல் சில நொடிகள் இடைவெளியில் பலமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து உடனே மூடும் நிரல் ஒருமுறைப் பார்வைக்குத் தப்பிவிடலாம்.

ஐஓடாப்: எந்தச் செயல்முறை வட்டில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்பதைக் காட்டும். ஆனால் ஃபியூஸ் வட்டுகளில் உண்மையில் வட்டைத் தொடுவது என்டிஎஃப்எஸ்-3ஜி என்பதால், இக்கருவியும் அதன் பெயரையே முன்னிறுத்தும். ஆகவே இதை மட்டும் நம்பக்கூடாது.

டிமெஸ்ஜி: கருனியின் செய்திகளைக் காட்டும். உள்ளீடு, வெளியீட்டுப் பிழைகளோ, யூஎஸ்பி கருவி திரும்பத் திரும்ப அறுபட்டு இணைவதோ இதில் தெரிந்தால், சிக்கல் வன்பொருளில் இருக்கிறது என ஐயுறலாம்.

பொதுவான காரணங்கள்

அட்டவணைப்படுத்தும் நிரல்கள். க்னோம் பணிச்சூழலில் டிராக்கர், கேடிஈ சூழலில் பலூ ஆகியவை கோப்புகளை விரைவில் தேடித் தருவதற்காக அவற்றின் உள்ளடக்கத்தை முன்கூட்டியே படித்து அட்டவணை அமைக்கின்றன. 2000களில் இதே வேலையைச் செய்த பீகிள் என்னும் நிரலும் இத்தகைய சுமைக்குப் பெயர் பெற்றிருந்தது. லொக்கேட் கட்டளைக்கான பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்டிபி நிரலும் ஏற்றப்பட்ட வட்டுகளை முழுவதும் சுற்றி வரக்கூடும்.

சிறுபடங்கள். கோப்பு மேலாளரில் ஒளிப்படங்கள் நிறைந்த அடைவைத் திறக்கும்போது, ஒவ்வொன்றையும் படித்துச் சிறுபடம் உருவாக்கப்படுகிறது. இப்படங்கள் பயனரின் இல்ல அடைவில் சேமிக்கப்படுவதால், இச்சுமை பொதுவாக ஒருமுறை மட்டுமே ஏற்படும்.

சிறு துண்டுகளாக எழுதுதல். ஃபியூசின் பழைய இயல்பின்படி, எழுதப்படும் தரவு 4 கிலோபைட் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படும். 1 ஜிகாபைட் கோப்பு ஒன்றை எழுத 2,62,144 வேண்டுகோள்கள் தேவைப்படும். ஒவ்வொரு துண்டும் 128 கிலோபைட் அளவில் சென்றால் 8,192 வேண்டுகோள்களே போதுமானவை.

சுருக்கப்பட்ட கோப்புகள். விண்டோசில் இடத்தை மிச்சப்படுத்த அடைவுகளைச் சுருக்கி வைக்கும் வசதி உள்ளது. அவற்றை லினக்ஸிலிருந்து படிக்கும்போது விரிக்கும் வேலையும் என்டிஎஃப்எஸ்-3ஜி மீது விழுகிறது.

சிதறிய கோப்புகள். ஏறத்தாழ நிரம்பிவிட்ட வட்டுப்பகுதியில் கோப்புகள் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். டொரண்ட் வழியாகப் பதிவிறக்கப்படும் பெரிய கோப்புகள் இவ்வாறு சிதறுவது மிகுதி. துண்டுகள் பெருகப் பெருக, அவற்றின் இருப்பிடத்தைக் கணக்கிடும் வேலையும் பெருகுகிறது.

எடுத்துக்காட்டு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த குடவோலைத் தேர்தல் முறை பற்றிய கல்வெட்டுகள் உள்ளன. பள்ளிச் செயல்திட்டம் ஒன்றிற்காக ஒரு மாணவர் இக்கல்வெட்டுகளை 2,000 ஒளிப்படங்களாக எடுத்து, தம் மடிக்கணினியின் விண்டோஸ் வட்டுப்பகுதியில் சேமித்துள்ளார் எனக் கொள்வோம். லினக்ஸில் அவ்வடைவைத் திறந்ததும் விசிறி உரக்கச் சுழல்கிறது. டாப் பட்டியலில் மவுண்ட்.என்டிஎஃப்எஸ் முதலிடத்தில் நிற்கிறது.

முதலில் அவர் பட்டியலின் அடுத்த சில வரிகளைப் பார்க்க வேண்டும். சிறுபடம் உருவாக்கும் நிரல் அங்கே இருந்தால், அதுவே கேட்பவர். சில நிமிடங்களில் வேலை முடிந்து சுமை தானே தணியும். அடைவை மூடி மீண்டும் திறக்கும்போது சுமை எழவில்லை எனில் சிக்கல் ஏதும் இல்லை. ஒவ்வொரு முறையும் எழுமாயின், சிறுபடங்களைச் சேமிக்க முடியாதபடி இல்ல அடைவு நிரம்பியுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

அடைவைத் திறக்காதபோதும், கணினியில் நுழையும் ஒவ்வொரு முறையும் சுமை தோன்றினால், எல்எஸ்ஓஎஃப் கட்டளையைச் சில முறை இயக்கிப் பார்க்கலாம். அட்டவணைப்படுத்தும் நிரலின் பெயர் தெரிந்தால், அதன் அமைப்பில் அவ்வட்டுப்பகுதியை விலக்கிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். சுமை நீங்கினால் காரணம் உறுதியாகிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் அளப்பது இன்றியமையாதது. பல மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எது பயன் தந்தது என்பது தெரியாமல் போகும்.

எந்த நிரலும் வட்டைப் பயன்படுத்தவில்லை எனத் தெரிந்தும் சுமை நீடித்தால், வட்டை முறையாக இறக்கிப் பார்க்கலாம். இறக்கியதும் சுமை நீங்கி, ஏற்றியதும் திரும்புமாயின், கோப்பு முறைமையில் சிதைவு இருக்கலாம்.

தீர்வுகள்

கேட்கும் நிரலைக் கட்டுப்படுத்துதல். அட்டவணையிலிருந்து வட்டுப்பகுதியை விலக்குதல், கோப்பு மேலாளரில் சிறுபடங்களை நிறுத்துதல், அப்டேட்டிபி நிரலின் அமைப்புக் கோப்பில் ஏற்றுமிடத்தை விலக்குப் பட்டியலில் சேர்த்தல் ஆகியவை இதில் அடங்கும். பெரும்பாலான சிக்கல்கள் இந்நிலையிலேயே தீர்ந்துவிடும்.

ஏற்றும் விருப்பங்களை மாற்றுதல். "பிக் ரைட்ஸ்" என்னும் விருப்பம், எழுதப்படும் தரவு 4 கிலோபைட் துண்டுகளாகப் பிரிக்கப்படுவதைத் தடுக்கிறது. பெரிய கோப்புகளைப் படியெடுக்கும்போது இதன் பயன் தெளிவாகத் தெரியும். "நோஏடைம்" விருப்பம், கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் படித்த நேரத்தைப் பதியும் வேலையைத் தவிர்க்கிறது. இவை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதப்படுகின்றன. அக்கோப்பில் நேரும் பிழை கணினி தொடங்குவதையே தடுக்கக்கூடும். எனவே திருத்தும் முன் அதற்கு ஒரு படி எடுத்து வைப்பதும், கூடுதல் வட்டுகளுக்கு "நோஃபெயில்" விருப்பத்தைச் சேர்ப்பதும் நல்லது.

கோப்புகளை இடம் மாற்றுதல். டொரண்ட் பதிவிறக்கம், நிரல் தொகுத்தல், மெய்நிகர் கணினி போன்ற ஓயாத வேலைகளை லினக்ஸின் இஎக்ஸ்டி4 பகுதியில் செய்து, முடிந்த கோப்புகளை மட்டும் விண்டோஸ் பகுதிக்கு மாற்றலாம். இரு இயங்குதளங்களுக்கும் பொதுவாக வேண்டிய கோப்புகளுக்கு மட்டும் என்டிஎஃப்எஸ் பகுதியைப் பயன்படுத்துவது சிறந்தது.

விண்டோசில் சீர்செய்தல். சுருக்கப்பட்ட அடைவுகளை விரித்தல், சிதறிய கோப்புகளை ஒருங்கிணைத்தல், செக்டிஸ்க் கட்டளையால் பிழைகளைத் திருத்துதல் ஆகியவற்றை விண்டோசிலேயே செய்ய வேண்டும். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கருவி சில எளிய பிழைகளை மட்டுமே சரிசெய்யும். அது செக்டிஸ்க் கட்டளைக்கு மாற்று அன்று.

செய்யக்கூடாதவை

மவுண்ட்.என்டிஎஃப்எஸ் செயல்முறையை வலுக்கட்டாயமாக நிறுத்தக்கூடாது. அந்நிரலே அவ்வட்டின் கோப்பு முறைமை என்பதால், அதை நிறுத்துவது பயன்பாட்டில் உள்ள வட்டைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். கோப்பு முறைமையும் சிதையலாம். சுமையை உடனே குறைக்க வேண்டுமெனில், கேட்கும் நிரலை நிறுத்த வேண்டும். அல்லது வட்டை முறையாக இறக்க வேண்டும். வட்டு பயன்பாட்டில் உள்ளது எனக் கூறி இறக்கும் கட்டளை மறுக்குமாயின், அந்த மறுப்பே ஒரு துப்பாகும். எந்த நிரல் பயன்படுத்துகிறது என்பதை ஃபியூசர் காட்டிவிடும்.

விண்டோஸ் உறக்கநிலையில் உள்ளபோது அதன் வட்டுப்பகுதியில் எழுதக்கூடாது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 பதிப்பிலிருந்து விரைவுத் தொடக்கம் என்னும் வசதி உள்ளது. இது இயக்கப்பட்டிருந்தால், கணினியை அணைக்கும்போது விண்டோஸ் முழுமையாக நிறைவடைவதில்லை; தன் கருனியின் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. இந்நிலையில் என்டிஎஃப்எஸ்-3ஜி அவ்வட்டுப்பகுதியில் எழுத மறுக்கும். உறக்கநிலைக் கோப்பை நீக்கிவிட்டு ஏற்றும் விருப்பம் ஒன்று உள்ளது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் விண்டோசில் சேமிக்கப்படாதிருந்த வேலைகள் இழக்கப்படும். விண்டோசில் விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிட்டு முழுமையாக அணைப்பதே பாதுகாப்பானது.

பிழைச் செய்திகள் தோன்றும் வட்டில் வேறெந்தச் சோதனைக்கும் முன்னர் கோப்புகளை வேறிடத்திற்குப் படியெடுக்க வேண்டும். பழுதாகும் வட்டின் எஞ்சிய ஆயுள் சோதனைகளிலேயே கழிந்துவிடலாம்.

பிற வகை வட்டுகள்

பழைய ஐடிஈ வன்தட்டுகளில் நேரடி நினைவக அணுகல் என்னும் வசதி செயல்படாமல் போனால், தரவின் ஒவ்வொரு சிறு பகுதியையும் செயலியே எடுத்துச் செல்ல நேரும். அப்போது எந்தக் கோப்பு முறைமையாயினும் கருனி உழைப்பு மிக உயரும். எச்டிபார்ம் கட்டளையால் இதைக் கண்டறிந்து சரிசெய்தனர். சேட்டா வன்தட்டுகள் பரவிய பின் இச்சிக்கல் அரிதாயிற்று.

மறையாக்கம் செய்யப்பட்ட வட்டுகளில் படிக்கும், எழுதும் தரவு முழுவதையும் செயலி மறைவிலக்கவோ மறையாக்கவோ வேண்டும். ஏஈஎஸ் முறைக்கான சிறப்புக் கட்டளைகள் இல்லாத விலை குறைந்த செயலிகளில் இச்சுமை தெளிவாக உணரப்படும். பட்டியலில் இது "கேகிரிப்ட்டிடி" என்னும் கருனிச் செயல்முறையாகத் தோன்றும்.

பள்ளிக் கணினி ஆய்வகங்களில் பயன்படும் பிணைய வட்டுகளில் நிலைமை மாறுபடுகிறது. வழங்கிக் கணினி அணைந்துவிட்டாலோ, இணைப்பு அறுந்தாலோ, அவ்வட்டைக் கேட்ட நிரல்கள் விடை கிடைக்காமல் உறைந்து நிற்கும். சுமைச் சராசரி உயர்ந்துகொண்டே போனாலும் செயலி ஓய்வாக இருக்கும். இங்கே சரிசெய்ய வேண்டியது பிணைய இணைப்பையே ஆகும்.

கருனியில் புதிய இயக்கி

பேராகன் மென்பொருள் நிறுவனம் உருவாக்கிய என்டிஎஃப்எஸ்3 என்னும் இயக்கி, 2021 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 5.15 கருனியில் சேர்க்கப்பட்டது. இது கருனியின் உள்ளேயே இயங்கி எழுதவும் வல்லது. பயனர்வெளிக்குச் சென்று திரும்பும் படிகள் இதில் இல்லாததால் செயலிச் சுமை குறைகிறது. 2024இல் வெளியான லினக்ஸ் 6.9 கருனியில் பழைய என்டிஎஃப்எஸ் இயக்கி நீக்கப்பட்டது. பென் டிரைவுகளில் பயன்படும் எக்ஸ்ஃபேட் முறைமைக்கும் 2020இல் வெளியான 5.7 பதிப்பிலிருந்து கருனியில் சாம்சங் நிறுவனத்தின் புதிய இயக்கி உள்ளது.

விலையில்லா மடிக்கணினிகள் போன்ற பழைய கணினிகளில் முதலில் நிறுவப்பட்ட கருனிகளில் என்டிஎஃப்எஸ்3 இருப்பதில்லை. புதிய வழங்கல் ஒன்றை நிறுவினால் அதைப் பயன்படுத்த முடியும். முறையாக இறக்கப்படாத வட்டுப்பகுதியை எழுதும் வகையில் ஏற்ற இவ்வியக்கி மறுக்கும். கட்டாயப்படுத்தும் விருப்பத்தைப் பயன்படுத்தாமல், முதலில் விண்டோசில் செக்டிஸ்க் இயக்குவதே முறையாகும்.

புதிய இயக்கி ஒவ்வொரு வேண்டுகோளின் செலவையும் குறைக்கிறதே அன்றி, வேண்டுகோள்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. மேலும் கருனியின் உள்ளே இயங்குவதால், மவுண்ட்.என்டிஎஃப்எஸ் என்னும் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஓயாது வட்டைச் சுற்றும் அட்டவணை நிரல் அப்போதும் ஓயாது சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே இயக்கி எதுவாயினும், கேட்கும் நிரலைக் கண்டறியும் முறை மாறுவதில்லை.